பாய்லர் தகட்டிலிருந்து நாயின் வயிறு வரை

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வெல்டிங்கில் விரிசல் தேடுவது என் பிழைப்பு. அதை வைத்து நாயைப் பற்றி எழுதுகிறானே என்று வகுப்புத் தோழர்கள் சிரிக்க வேண்டாம்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. ஆட்டுக்குக் காவல் நாய்தான். இரண்டாம் ஆண்டு லீவில் நான் போயிருந்தபோது, கிடாவெட்டு எலும்பைத் தின்ற எங்கள் மணி சுருண்டு படுத்துவிட்டது. வயிற்றைத் தொட்டால் முனகும். "ஒண்ணுமில்லப்பா, செரிக்கல. சரியாப் போகும்" என்றார் அப்பா. மூன்றாம் நாள் செத்துப்போச்சு. குடலில் ஓட்டை விழுந்திருக்கும் என்று அருப்புக்கோட்டையில் ஒரு கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார். அதை முன்கூட்டியே பார்க்க முடியாதா என்ற கேள்வி மனசிலேயே நின்றுவிட்டது.

விடை நம் தொழிலுக்குள்ளேயே இருந்தது! 1955 ஜூலையில் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் கம்பெனிக்குப் போனார். இரும்பில் விரிசல் பார்க்கும் அல்ட்ராசானிக் கருவியை அவற்றின்மேல் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டு. நீர்க்கட்டிக்கு ஒரு எதிரொலி, சதைக்கட்டிக்கு வேறொன்று! பிறகு டாம் பிரௌன் என்ற இளம் இன்ஜினியர் கைகொடுக்க, 1958-இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. மருத்துவர்களோடு அவர் பெயரும் அதில் உண்டு.

லேபில் கிரீஸ் தடவ மறந்து திட்டு வாங்கியது நினைவிருக்கிறதா? நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். நாய்க்கு முடி மழித்து ஜெல் தடவுவதும் இதற்காகத்தான். ஆனால் குடலில் ஓட்டை விழுந்தால் இதே காற்றுதான் துப்புக் கொடுக்கிறது. குடலுக்கு வெளியே கசிந்த காற்று, திரையில் பளிச்சென்ற கோடாகவும் அதன்கீழ் அடுக்கடுக்கான நிழலாகவும் தெரியும்.

பாய்சன் முதலானோர் நாய், பூனைகளை ஆராய்ந்து 2003-இல் மற்ற அடையாளங்களையும் சொன்னார்கள்: குடலைச் சுற்றிய கொழுப்பு வெளுத்துத் தெரிவது, வயிற்றறையில் நீர், தடித்த குடல்சுவர், அதன் அடுக்குகள் கலைந்துபோவது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஓட்டையே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நீர் இருந்தால் ஊசியில் எடுத்துக் கிருமி பார்ப்பார்கள்.

பாய்லரில் விரிசலைப் பிந்திக் கண்டால் வெடிக்கும். வயிறும் அப்படித்தான். உங்கள் வீட்டு நாய் எலும்பு தின்று சுருண்டு படுத்தால், "சரியாப் போகும்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.