எட்டாவது உலகத் தமிழ் மாநாடு, தஞ்சாவூர்

எட்டாவது உலகத் தமிழ் மாநாடு 1995 ஜனவரி 1 முதல் 5 வரை தஞ்சாவூரில் நடைபெற்றது. அப்போது ஜெ. ஜெயலலிதா தமிழக முதலமைச்சராக இருந்தார்.

உலகத் தமிழ் மாநாட்டுக்குச் செல்பவர் முதலில் அறிய வேண்டியது, அங்கே ஒரே பெயரில் இரண்டு நிகழ்வுகள் நடக்கின்றன என்பது. ஒன்று ஆய்வரங்கம். தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1964-ல் தொடங்கப்பட்ட உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மரபில் அறிஞர்கள் கட்டுரை வாசிப்பது. மற்றொன்று பொதுமக்களுக்கான விழா. 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாவது மாநாட்டில் அரசின் பெருவிழாவும் சேர்ந்துகொண்டது.

விழாவுக்கு வருபவர்களுக்கு அடையாளங்கள் தேவை. 1968-ல் மெரினா கடற்கரையில் கண்ணகி, ஔவையார் முதலியோரின் சிலைகள் நிறுவப்பட்டன. தஞ்சையில் ராஜராஜன் மணிமண்டபமும் தொல்காப்பியர் சதுக்கமும் எழுந்தன. காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு முந்தைய மார்கழியில் மாநாடு நடந்தது. பந்தல்கள் பிரிக்கப்பட்டன. இந்தக் கட்டடங்கள் நின்றன. இன்றும் தஞ்சையில் வழி சொல்ல இவை பயன்படுகின்றன.

ஆய்வரங்கத்துக்கான வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மாநாட்டுக்காக வந்த இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பங்கேற்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. தமிழ் ஆய்வில் முதன்மையான ஒருவர் தமிழ் மாநாட்டுக்குள் நுழைய முடியாமல் போனது தஞ்சை மாநாட்டின் வரலாற்றில் நீங்காத குறை. 2010-ல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் சிவத்தம்பி கலந்துகொண்டார்.