ஏரிக்குள் ஒரு வடிகால்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அதில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் லேக் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு உண்டு, பக்கத்திலேயே லேக் ஏரியா உண்டு. யாரும் கிண்டலுக்கு வைத்த பெயர்கள் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வளைந்து கிடந்தது ஒரு நீர்ப்பரப்பு. வெள்ளைக்காரர்களின் வரைபடங்களில் அதன் பெயர் லாங் டாங்க். அதில் அவர்கள் படகுப் போட்டியெல்லாம் நடத்தினார்கள். ஊர்க்காரர்களுக்கு அது வயலுக்குப் பாயும் ஏரி, அவ்வளவுதான்.

1920-இல் மதராஸ் மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. நகரத்தில் ஜனம் பெருகி வீடு கிடைக்காத காலம். 1923 வாக்கில் ஏரியின் மாம்பலம் பகுதியை உடைத்து வடியவிட்டு, மனை பிரித்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகர் எழுந்தது, நடுவில் பனகல் ராஜா பெயரில் பூங்கா. நுங்கம்பாக்கம் பகுதி இன்னும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. 1970-களில் அதுவும் போய், அந்தப் படுகையில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

இதைக் குற்றப்பத்திரிகையாக எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்துக்கு அது நல்ல திட்டம். அகலமான தெரு, மரம், பூங்கா, ஒவ்வொரு மனையிலும் வீட்டைச் சுற்றித் தோட்டம். ஆனால் ஏரியை உடைத்தால் தண்ணீர்தான் போகும், பள்ளம் போகாது. மழை பெய்தால் சுற்றுவட்டாரத் தண்ணீர் பழைய பழக்கத்தில் அங்கேதான் இறங்கும். இறங்கியதை வெளியே கொண்டுபோக மிச்சமிருந்த வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் தொடங்கி, தி. நகரின் முதுகுப்புறமாக ஓடி, நந்தனம் அருகே அடையாற்றில் சேரும்.

மென்பொருள் வேலையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு விஷயம்: வருகிற வேகமும் போகிற வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் நடுவில் ஒரு பஃபர் வேண்டும். லாங் டாங்க் அந்த பஃபர். அதை எடுத்துவிட்டால், மொத்த மழையையும் வருகிற வேகத்திலேயே வெளியே தள்ள வேண்டும்.

அந்த வேகம் எவ்வளவு? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி எழுதி வைத்த எளிய பெருக்கல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பரப்பு, மழையின் வேகம், அதில் எத்தனை பங்கு ஓடிவரும் என்ற எண். மணிக்கு 36 மி.மீ. மழை என்று வையுங்கள், சென்னைக்கு அது பெரிய மழையே இல்லை. ஒரு ஹெக்டேரில் அது நொடிக்கு 100 லிட்டர். தோட்டம் துரவாக இருந்தால் அதில் 20, 30 லிட்டர்தான் வாய்க்காலுக்கு வரும். கான்கிரீட் போட்டு, டைல்ஸ் பதித்து, மாடிமேல் மாடி கட்டிய பிறகு 90 வரும். தி. நகர் தோட்ட வீடுகளிலிருந்து அடுக்குமாடிக்கும் ஜவுளிக்கடைக்கும் மாறியபோது, மழை கூடாமலேயே வெள்ளம் மூன்று மடங்கு ஆனது. கால்வாயோ அதே காலத்தில் ஒடுங்கிக்கொண்டே வந்தது.

2021 நவம்பர் 6 ராத்திரி தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தி. நகரில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. மாம்பலம் கால்வாயில் மேம்பாட்டு வேலை பாதியில் இருந்ததும், கட்டிட இடிபாடு உள்ளேயே கிடந்ததும் செய்திகளில் அடிபட்டன. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. அடுத்த ஆண்டு நகரமெங்கும் தெருக்களைத் தோண்டி, பெட்டி பெட்டியாகக் கான்கிரீட் வடிகால் கட்டினார்கள். புழுதியில் எல்லோரும் திட்டினோம். அந்த வேலை தேவையான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறு இடத்தில். குடியிருப்புத் தெருவில் இரண்டடி அகலம், உள்ளே இரண்டடி நீர் ஓடக்கூடிய வடிகாலை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு ஒன்று வாட்டம். பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் நொடிக்கு சுமார் 260 லிட்டர் போகும். அதில் பாதி உயரத்துக்குத் தூர் சேர்ந்துவிட்டால்? பாதி போகும் என்றுதான் தோன்றும். கணக்கு சொல்வது 107 லிட்டர். பாதி அடைத்தால் 60 சதவீதம் போச்சு. தூரோடு செங்கல்லும் பாலிதீனும் கிடந்தால் அதுவும் தேறாது. அதாவது கட்டின காசின் பலன் முழுக்க, பருவமழைக்கு முன்னால் மூடியைத் திறந்து வாருகிற ஆள்பலத்தில்தான் நிற்கிறது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கழிவுநீரைக் குடிநீர் வாரியமும் மழைநீரை மாநகராட்சியும் பார்க்கின்றன என்பது ஏட்டில். மழைநீர் வடிகாலில் ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கடைக் குழாயைச் சொருகிவிடுகிற வீடுகள் உண்டு. அந்த நாற்றத்துக்குள் இறங்குகிறவர் அதே ஒப்பந்தத் தொழிலாளிதான்.

இன்னொன்று, சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதில் பல தெருக்கள் வாசற்படிக்கு மேலே வந்துவிட்டன. தரைத்தள வீடு வைத்திருப்பவர்கள், அநேகமாக ஓய்வுபெற்ற தம்பதிகள், சேமிப்பைக் கரைத்து ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். தூக்க முடியாதவர்கள் வாசலில் செங்கல் திட்டு கட்டி மோட்டார் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஏரிக்கு இருந்த கரையை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக, தன் அளவுக்குக் கட்டிக்கொள்கிறார், பாவம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் அடையாறு இடம் கொடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்துவிட்டபோது ஆறு நிரம்பி வழிந்தது. ஆற்றின் மட்டம் கால்வாய் வாயைவிட உயர்ந்தால் கால்வாய் வடியாது, ஆறுதான் கால்வாய்க்குள் ஏறும். அப்போது தெருவடிகாலை மூன்றடியாக்கினாலும் நான்கடியாக்கினாலும் பிரயோசனம் இல்லை. மோட்டார் வைத்து இறைக்கலாம், அல்லது எங்காவது தேக்கி வைக்கலாம். தேக்க இடம்? ஒரு காலத்தில் இருந்ததை மனை போட்டாயிற்று. பூங்காக்களும் பள்ளி மைதானங்களும்தான் மிச்சம். அவற்றை ஓரடி தாழ்த்தி, மழை நாட்களில் மட்டும் தண்ணீர் நிற்கவிடலாம்.

உங்கள் தெருவில் புது வடிகால் போட்டிருந்தால், அகலத்தைப் பார்த்து அசந்துவிடாதீர்கள். சாலை ஓரத்துத் துளைகள் தாரால் மூடப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் குனிந்து பாருங்கள். அப்புறம் வார்டு பொறியாளரிடம் அந்த வடிகாலின் நீள்வெட்டுப் படத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் அடிமட்டம் எவ்வளவு, போய்ச் சேருகிற கால்வாயில் எவ்வளவு என்று இரண்டே எண்கள் போதும். இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.