நாட்டிங் ஹில் விழா: அரங்கிலிருந்து தெருவுக்கு

இலண்டன் மாநகரின் மேற்கே நாட்டிங் ஹில் பகுதியில், ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையிலும் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலும் நடைபெறும் கார்னிவல், ஐரோப்பாவின் மிகப் பெரிய தெருவிழாக்களுள் ஒன்றாக இன்று அறியப்படுகிறது. அதைத் தொடங்கியவர் கிளாடியா ஜோன்ஸா, ரோன் லாஸ்லெட்டா என்னும் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவ்வழக்கைக் காட்டிலும் ஆராயத்தக்கது, குடிபெயர்ந்து வந்தோரின் இசை ஏன் அரங்கில் நிலைகொள்ளாமல் தெருவுக்கு வந்தது என்பதே ஆகும். அதற்கான விடையின் பெரும்பகுதி, அம்மக்கள் குடியிருந்த வீடுகளின் நிலையிலேயே இருக்கிறது.

1948 ஜூன் மாதத்தில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் டில்பரி துறைமுகத்தை அடைந்தபோது, அதில் வந்த மேற்கிந்தியத் தீவினருள் லார்டு கிச்சனர், லார்டு பிகினர் என்னும் பட்டப்பெயர்களைக் கொண்ட டிரினிடாட் கலிப்சோ பாடகர் இருவரும் இருந்தனர். கலிப்சோ என்பது அன்றாடச் செய்தியையும் அரசியலையும் எள்ளலோடு பாட்டாக்கும் டிரினிடாட்டின் பாடல் வகையாகும். பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த நாடுகளிலிருந்து வந்தோருக்கு அங்கே குடியேறும் உரிமை சட்டப்படி இருந்தபோதிலும், வாடகைக்கு வீடு தருவோர் அரிதாகவே இருந்தனர். நாட்டிங் ஹில்லின் பழைய மாளிகைகளைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, கொள்ளை வாடகைக்கு விட்டுப் பொருளீட்டிய பீட்டர் ராக்மன் போன்றோரிடமே அவர்கள் ஒதுங்க நேர்ந்தது. மதுக்கடைகளும் நடனக்கூடங்களும் பலவிடங்களில் அவர்களை உள்ளே விடவில்லை. ஆதலால் வார இறுதிகளில் நிலவறைகளிலேயே கூடி ஆடிப் பாடினர். 1955-இல் டியூக் வின் என்று அழைக்கப்பட்ட ஜமைக்கர், பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்னும் அமைப்பை இப்பகுதிக்குக் கொண்டுவந்ததும் இச்சூழலில்தான்.

1958 ஆகஸ்ட் இறுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பின மக்களை வேட்டையாடிய கலவரம் இத்தெருக்களில் மூண்டு, செப்டம்பர் முதல் வாரம் வரை நீடித்தது. டிரினிடாட்டில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்து, கம்யூனிஸ்டு என்பதற்காக அமெரிக்காவிலிருந்து 1955-இல் வெளியேற்றப்பட்ட இதழாளர் கிளாடியா ஜோன்ஸ், அப்போது ‘வெஸ்ட் இந்தியன் கெஜட்’ என்னும் செய்தித்தாளை இலண்டனில் நடத்திவந்தார். அச்சமும் கசப்பும் சூழ்ந்திருந்த அந்நிலையில் அவர் கண்ட மாற்று ஓர் இசை விழாவாகும். 1959 ஜனவரி 30 அன்று, செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபத்தில் அவ்விழா நடைபெற்றது; பி.பி.சி. தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. விழா மலர் விற்பனையில் கிடைத்த தொகையின் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் தண்டம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்காக, அவர்கள் கறுப்பரோ வெள்ளையரோ என்று பாராமல், ஒதுக்கப்படும் என அம்மலரிலேயே குறிக்கப்பட்டிருந்தது. பகை ஆறாத அந்நாளில் அச்சிடப்பட்ட அந்த ஒரு குறிப்பே அவ்விழாவின் நோக்கத்துக்குப் போதிய சான்றாகும். பின்னர் சீமோர் ஹால் முதலிய வேறு அரங்குகளிலும் ஆண்டுதோறும் தொடர்ந்த இவ்விழா, 1964 டிசம்பரில் கிளாடியா ஜோன்ஸ் மறைந்ததோடு நின்றுபோயிற்று. டிரினிடாட்டின் கார்னிவல் கிறித்தவர்களின் தவக்காலத்துக்கு முன் வருவதாதலால் இலண்டனிலும் குளிர்காலத்திலேயே நடத்தப்பட்டது. பனிக்காலத்தில் தெருவில் ஆட இயலாது என்பதால் நான்கு சுவர்களுக்குள் அது அடங்கியிருந்தது.

அச்சுவர்களைக் கடக்க உதவியது ஒரு வாத்தியம். டிரினிடாட்டில் 1880-களில் ஆங்கிலேய ஆட்சி மேளங்களைக் கட்டுப்படுத்தியபோது, அங்கிருந்த ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் வெவ்வேறு நீளமுள்ள மூங்கில் துண்டுகளைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினர். பின்னர் பிஸ்கட் டப்பா, குப்பைத்தொட்டி என்று உலோகப் பொருள்களுக்கு மாறி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி எண்ணெய்ப் பீப்பாய்களை வந்தடைந்தனர். பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்து உட்குழிவாக்கி, அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய பரப்பை உளியால் புள்ளிகுத்தி வரையறுத்து, பக்கவாட்டை வேண்டிய உயரத்துக்கு அறுத்து, தீயிலிட்டுக் காய்ச்சி, மீண்டும் சிறு சுத்தியால் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். பரப்பு சிறிதாயின் சுரம் மேலே ஏறும். பெரிதாயின் கீழே இறங்கும். ஸ்டீல்பான் எனப்படும் இவ்வாத்தியத்தை ரப்பர் சுற்றிய குச்சிகளால் இசைப்பார்கள். எறியப்பட்ட பீப்பாயிலிருந்து முழுச் சுர வரிசையையும் வடித்தெடுத்த அக்கைவினைஞர்கள், பெரும்பாலும் முறையான இசைக்கல்வி பெறாத ஏழை இளைஞர்கள் என்பது வியந்து போற்றத்தக்கது.

1951-இல் ‘பிரிட்டன் விழா’ என்னும் தேசியக் கண்காட்சியில் வாசிப்பதற்காக டிரினிடாட்டிலிருந்து ஒரு ஸ்டீல்பான் குழு இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. குழுவினர் ஊர் திரும்பியபோதிலும் அவர்களுள் ஒருவரான ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் இலண்டனிலேயே தங்கி, பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலைக் கற்க அதே ஆண்டு வந்திருந்த ரஸல் ஹென்டர்சனோடு சேர்ந்து சிறு குழுவொன்றை அமைத்தார். அக்குழு பல ஆண்டுகள் மதுக்கடைகளிலும் கேளிக்கை விடுதிகளிலும் வாசித்துவந்தது.

ரோன் லாஸ்லெட் இலண்டனின் கிழக்குப் பகுதியில் பிறந்த சமூகப் பணியாளர். அமெரிக்கப் பழங்குடி மரபும் ரஷ்ய மரபும் கலந்த குடும்பத்தவர். நாட்டிங் ஹில்லில் தம் வீட்டிலேயே குழந்தைகளுக்கான விளையாட்டு மையத்தை நடத்திய அவர், 1966-இல் ‘லண்டன் ஃப்ரீ ஸ்கூல்’ என்னும் சுயஉதவிக் கல்வி அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவராவார். கறுப்பினக் குழந்தைகளோடு ஐரிஷ், ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய, உக்ரேனியக் குடும்பங்களின் குழந்தைகளும் ஒரே தெருவில் வளர்ந்தும், ஓடியாடத் திடலின்றி இருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் முன்னின்று நடத்திய ஒரு வார விழா இக்குழந்தைகளை மையமாகக் கொண்டே திட்டமிடப்பட்டது. ஊர்வலத்துக்கான உடைகள் மேடம் டுசாட் மெழுகுச்சிலைக் காட்சியகத்திலிருந்து இரவலாக வந்தன; போர்ட்டபெல்லோ சந்தை வியாபாரிகள் குதிரைகளையும் வண்டிகளையும் கொடுத்து உதவினர். மாலைகளில் ஜாஸ், நாட்டுப்பாடல், நடனம், கவிதை வாசிப்பு ஆகியன இடம்பெற்றன.

விழா வரலாற்றின் திருப்பம், குழந்தைகளுக்கு வாசிப்பதற்காக அழைக்கப்பட்ட ரஸல் ஹென்டர்சன் குழுவால் நேர்ந்தது. தவில்காரர் வாரைத் தோளில் மாட்டிக்கொள்வதுபோல் ஸ்டீல்பானைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தபடியே வாசிப்பது டிரினிடாட்டின் வழக்கமாகும். நின்ற இடத்தில் வாசித்துக்கொண்டிருந்த அக்குழுவினர் தெருவடைத்த தடுப்புகளை நகர்த்திவிட்டுப் பக்கத்துத் தெருக்களுக்குள் நடக்கத் தொடங்கினர். சன்னல் வழியே ஒலி கேட்ட மேற்கிந்தியர்கள் வீடுகளை விட்டு இறங்கிப் பின்தொடர்ந்தனர். அமர்ந்து கேட்பதற்குரியதாக இருந்த நிகழ்ச்சி, அக்கணமே அனைவரும் உடன் நடக்கும் ஊர்வலமாயிற்று. எனவே கார்னிவல் என்னும் கருத்தை அளித்தவர் கிளாடியா ஜோன்ஸ் என்றும், பல இனத்தாரும் பங்கேற்கும் தெருவை அளித்தவர் லாஸ்லெட் என்றும், அவ்விரண்டையும் நடையால் இணைத்தவர் ஹென்டர்சன் என்றும் கொள்வதே பொருந்தும்.

அடுத்த ஆண்டுகளில் விழா தளர்ந்தும் எழுந்தும் நடந்தது. அதற்குள் வீடுகளை இடித்து எழுப்பப்பட்ட வெஸ்ட்வே என்னும் மேம்பாலச் சாலை 1970-இல் திறக்கப்பட்டது. அதன் அடியிலிருந்த வெற்றிடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுமாறு மக்கள் போராடிப் பெற்றனர். 1973-இல் பொறுப்பேற்ற டிரினிடாட் ஆசிரியர் லெஸ்லி பாமர், வேடமணிந்து ஆடும் குழுக்களை அழைத்ததோடு, ஜமைக்காவின் ரெகே இசைக்கும் சவுண்ட் சிஸ்டங்களுக்கும் தெருமுனைகளில் இடமளித்தார். நிலவறைக்குள் ஒளிந்திருந்த ஒலி அதனால் பகல்வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை விலகி நின்ற ஜமைக்க இளைஞர்களும் விழாவுக்குள் வந்தனர்.

1976-இல் ஏறத்தாழ 3,000 காவலர்கள் குவிக்கப்பட்ட நிலையில் மோதல் வெடித்தபோது, விழாவை வேலியிட்ட விளையாட்டரங்குக்கு மாற்ற வேண்டும் என்னும் குரல்கள் எழுந்தன. ஊர்வலம் செல்லும் தெருக்களே விழாவின் உயிர் என்று அமைப்பாளர்கள் மறுத்தனர்; அம்மறுப்பு நியாயமானதே. விழா அத்தெருக்களிலேயே தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் உரிய நாளாக ஒதுக்கப்பட்டு, சிறுவர்கள் தத்தம் குழுவின் உடையணிந்து முன்செல்ல, ஸ்டீல்பான் குழுக்கள் இன்று லாரிகளின் மீதிருந்து வாசித்தபடி அவர்களைத் தொடர்கின்றன.