19க்கும் 30க்கும் இடையே: இளையோரும் நம்பத்தகுந்த உடல்நலத் தகவலும்

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தையைப் பொதுச் சுகாதாரத் துறை எளிதில் கண்பார்வையிலிருந்து விடுவதில்லை. தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியின் எடைக் குறிப்பு, பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை, வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை என்று ஏதாவது ஒரு பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்துகொண்டே இருக்கும். 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 10 முதல் 19 வயது வரையானவர்களுக்கு உரியது. மறுபக்கம், தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 30 வயதானவர்களிடமிருந்துதான் பரிசோதனையைத் தொடங்குகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கருப்பை வாய்ப் புற்று எல்லாம் அந்த வயதில்தான் கணக்குக்கு வருகின்றன.

நடுவில் 20 முதல் 29 வரை ஒரு பத்தாண்டு நிற்கிறது. கல்லூரி, விடுதி, முதல் வேலை, வெளியூர் வாடகை அறை, திருமணம் பற்றிய பேச்சு எல்லாம் நிகழும் பத்தாண்டு. உடலைப் பற்றிய கேள்விகள் மிகுதியாக எழும் காலமும் அதுவே.

இளைஞர்கள் இணையத்தில் கண்டதையெல்லாம் நம்புகிறார்கள், யூடியூபைப் பார்த்து மருந்து சாப்பிடுகிறார்கள் என்ற குறை வீட்டிலும் மேடையிலும் தொடர்ந்து சொல்லப்படுகிறது. அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் அவர்களுடைய அறியாமையோ அவசரமோ என்று முடிவுகட்டுவது சரியாகாது. அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பொறுப்புள்ள யாரும் பதில் சொல்லாத நிலையில், பொறுப்பற்ற ஒருவர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் நம்பப்படுகிறது. தகவலைச் சோதிக்கும் பயிற்சியும் வெட்கமின்றிக் கேட்க ஓர் இடமும் சேர்ந்து கிடைத்தால்தான் இந்த நிலை மாறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெண்களின் நிலையை முதலில் பார்க்கலாம். பள்ளியில் கொடுக்கப்படும் நீல மாத்திரை 12ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அடுத்து அவள் கையில் இரும்புச்சத்து மாத்திரை வருவது பெரும்பாலும் கருவுற்ற பிறகு, சிவப்பு நிறத்தில். அதே நேரத்தில் கர்ப்பத்தைப் பதிவுசெய்ததற்கான பிக்மி எண் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியர் தேடி வருகிறார். கருவுறாத 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை தர வேண்டும் என்று 2018இல் வகுக்கப்பட்ட இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்த மாத்திரையை வரிசையில் நிறுத்திக் கொடுக்கப் பள்ளியைப் போல் ஓர் இடம் அந்த வயதில் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று கவலைப்படும் 22 வயதுப் பெண் யாரிடம் கேட்பாள்? செல்பேசியில் தட்டிப் பார்ப்பாள். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லும் குரலுக்கு முன்பாக எண்ணெய், பொடி, ‘டீடாக்ஸ்’ பானம் விற்கும் குரல்கள் பத்தாவது அங்கே அவளை வந்தடையும்.

ஆண்களின் கதை இன்னும் பழையது. இணையம் வருவதற்கு வெகு முன்பே தமிழ்நாட்டின் பேருந்து நிலையச் சுவர்களிலும் நாளிதழ்களின் உள்பக்கங்களிலும் ஒரு விளம்பரம் நிலைபெற்றிருந்தது. மாதந்தோறும் இன்ன தேதியில், இன்ன ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார். இளமையில் தெரியாமல் செய்த தவறால் வந்த நரம்புத் தளர்ச்சிக்கும் ஆண்மைக் குறைவுக்கும் மருந்து தருவார். கைப்பழக்கமும் சொப்பன ஸ்கலிதமும் உடலை உருக்கிவிடும், இத்தனை சொட்டு இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்ற பயத்தை முதலில் ஊட்டி, பிறகு லேகியம் விற்கும் முறை அது. பயம் தானே நோயைத் தோற்றுவிக்கும் என்பதுதான் இதில் கொடுமை. விந்து வெளியேறுவதால் சக்தி போகிறது என்று நம்பும் இளைஞர்களிடம் சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை, குற்ற உணர்வு ஆகியவை சேர்ந்து வருவதை 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் ‘தாது’ நோய்க்குறி என்று பெயரிட்டு விவரித்தார். அதற்குச் சிகிச்சை விளக்கமும் ஆறுதலும். மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்குரிய மருத்துவம். லாட்ஜில் கிடைப்பது இதற்கு நேர்மாறானது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகவும் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாகவும் மருந்துகளை விளம்பரப்படுத்துவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். எழுபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் கீழேதான் சுவரொட்டி தொலைக்காட்சிக்குப் போனது, தொலைக்காட்சியிலிருந்து ரீல்ஸுக்கு வந்தது. விற்பவனைத் தண்டிப்பதால் மட்டும் இது நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கேட்பவனின் கேள்வி தீராதவரை விற்பவன் புதுப்புது வழியில் வந்துகொண்டே இருப்பான்.

இணையத்தோடு தொடர்பே இல்லாத இன்னொரு வழியும் உண்டு: தெருமுனை மெடிக்கல். முகம் வெளுக்க வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தோழி சொன்னாள், பார்லரில் சொன்னார்கள் என்ற பேச்சின்பேரில் ஒரு சிறிய ட்யூப் கைமாறுகிறது. அதைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். இவை ஸ்டீராய்டுகள். தோல் அழற்சிக்கு, மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை பூசினால் அருமையான மருந்துகள். தினமும் முகத்தில் பூசினால் முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று இருக்கும், அதுதான் பொறி. பிறகு தோல் மெலியும், நுண்ணிய இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பருக்கள் கிளம்பும், முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்கி எழும் என்பதால் மறுபடி அதையே பூசத் தோன்றும். இந்தச் சேதத்தைக் கண்ட தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்ததால்தான் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலுக்கு மாற்றியது. ட்யூபில் ஓடும் சிவப்புக் கோடு மருத்துவர் சீட்டு தேவை என்பதன் அடையாளம் என்று ஒரு மாணவிக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் எங்கும் இடம் ஒதுக்கப்படவில்லை.

இனி சோதிக்கும் பயிற்சிக்கு வரலாம். ‘நம்பகமான தளமா என்று பாருங்கள்’ என்ற அறிவுரை மட்டும் யாருக்கும் உதவாது. தளத்தின் தோற்றமும் ‘எங்களைப் பற்றி’ பகுதியும் மேற்கோள் பட்டியலும் நம்பகத்தின் அடையாளம் என்று பல ஆண்டுகள் கற்பிக்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. 10 வரலாற்று ஆய்வாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டினார்கள். ஒன்று 1930 முதல் இயங்கும் மிகப் பெரிய தொழில்முறைச் சங்கம். மற்றொன்று 2002இல் கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோன சிறு குழு. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும். இரண்டு தளங்களும் நேர்த்தியாக இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவையே நம்பினார்கள். ஆய்வாளர்கள் பலர் இரண்டும் நல்லவையே என்றார்கள். சரிபார்ப்பாளர்கள் ஒருவரும் ஏமாறவில்லை. அவர்கள் அந்தத் தளத்தில் தங்கவே இல்லை என்பதுதான் காரணம். உடனே வேறு ஜன்னலைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி அந்த வீட்டாரிடமே விசாரிக்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் ஊர் வழக்கம். செய்ய வேண்டியது அதைத்தான்.

முத்திரை குத்திச் சான்றளிக்கும் வழியும் முயன்று பார்க்கப்பட்டதே. ஜெனீவாவைச் சேர்ந்த ‘ஹெல்த் ஆன் தி நெட்’ அறக்கட்டளை 1990களிலிருந்து மருத்துவத் தளங்களுக்குச் சான்று வழங்கிவந்து, 2022 இறுதியில் அந்தப் பணியை முடித்துக்கொண்டது. ஆகவே எடைபோடும் பொறுப்பு இப்போது படிப்பவரின் தலையிலேயே விழுகிறது.

யார் சொன்னார் என்று விசாரித்த பிறகும் என்ன சொன்னார் என்பது மிச்சம் இருக்கிறது. முடி கொட்டுவதையே எடுத்துக்கொள்வோம். டெங்குவோ டைபாய்டோ வந்து போன இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி உதிர்வது இயல்பு. காய்ச்சலின் தாக்கத்தில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போவதால் இது நடக்கிறது. வேறு குறை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாகவே அடங்கி, முடி மறுபடி வளரும். பயந்துபோய் எண்ணெய் வாங்குபவர் அதை வாங்குவது உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது. எண்ணெய் தேய்த்த மூன்று மாதத்தில் முடி வந்தது என்று அவர் சொல்வது பொய்யல்ல. எண்ணெய் தேய்க்காதவருக்கும் அதே மூன்று மாதத்தில் வந்திருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. ‘இதைச் செய்யாதவர்களுக்கு என்ன ஆயிற்று?’ என்ற ஒரே கேள்வியைப் பழகிக்கொண்ட இளைஞர், காணொளியின் கீழே குவியும் ஆயிரம் சாட்சியங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

இந்தக் கேள்வியைக் கற்பிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு உகாண்டாவில் விடை கிடைத்திருக்கிறது. அங்கே 120 தொடக்கப்பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடையே நடந்த சோதனையின் முடிவை 2017இல் ‘தி லான்செட்’ வெளியிட்டது. பாதிப் பள்ளிகளில் ஒரு பருவம் முழுதும் ஒன்பது பாடங்கள் படக்கதைப் புத்தகத்தின் துணையோடு நடத்தப்பட்டன. ஒரு சிகிச்சை பலன் தரும் என்று யாராவது சொன்னால் எப்படி எடைபோடுவது என்பதே பாடம். பாடம் படித்தவர்களில் 69 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள். படிக்காத பள்ளிகளில் 27 விழுக்காட்டினர் மட்டுமே. கணினியோ இணையமோ இல்லாத வகுப்பறைகளில், ஓர் ஆசிரியருக்கு எழுபது எண்பது பிள்ளைகள் இருக்கும் இடங்களில் இது கைகூடியது. தமிழ்நாட்டுக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு இதை நடத்த முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் தென்படவில்லை.

ஆனாலும் பயிற்சி தனியே போதாது. விதைப்பையில் வீக்கம் தெரிகிறது, நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது, இரண்டு வாரமாக எழுந்திருக்கவே மனமில்லை என்பவை ஜன்னல் மாற்றித் தேடித் தீர்க்கக்கூடிய கேள்விகள் அல்ல. அவற்றுக்கு ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகம் 1993இலேயே மாணவர்கள் பெயர் சொல்லாமல் உடல்நலக் கேள்விகளை அனுப்ப, சுகாதாரப் பணியாளர்கள் பதில் எழுதி எல்லாரும் படிக்க வெளியிடும் ‘கோ ஆஸ்க் ஆலிஸ்’ சேவையைத் தொடங்கியது. தமிழிலும் முன்னோடி உண்டு. விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம், வீட்டில் எவரும் வாய் திறக்காத பாலியல் ஐயங்களைச் சிரிப்பும் தெளிவுமாகப் பேசினார். லாட்ஜ் வைத்தியம் ஊட்டிய பயத்தை அதே வரவேற்பறையில் உட்கார்ந்து கலைத்த மிகச் சிலரில் அவர் ஒருவர். 2004இல் அவர் மறைந்த பிறகு அந்த இடம் வெற்றிடமாகவே நீடிப்பது தமிழ் ஊடகத்தின் பெருங்குறை.

தேவையான கருவிகள் பாதி ஏற்கெனவே கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண் இயங்குகிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல ஆலோசனை தமிழில் கிடைக்கிறது. 2021இல் நீட் எழுதிய மாணவர்களை 104இன் ஆலோசகர்களே அழைத்துப் பேசினார்கள். மாணவன் அழைக்கட்டும் என்று காத்திராமல் அரசே முன்வந்து அழைத்த அந்த முறை ஒரு தேர்வோடு நின்றுவிட வேண்டியதில்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருமுறை, இறுதியாண்டில் ஒருமுறை அதே அழைப்பு போகலாம். வரும் கேள்விகளைப் பெயர் நீக்கித் தொகுத்து, அரசு மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவர்கள் எளிய தமிழில் பதில் எழுதி, தேதியிட்டு வெளியிடலாம். இளையோர் தேடும் சொற்களாலேயே அந்தப் பதில்களுக்குத் தலைப்பிட வேண்டும், ‘கைப்பழக்கம் ஆபத்தா?’ என்று தேடுபவனுக்கு ‘இனப்பெருக்க நலம்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள பதில் கண்ணில் படாது.

இதெல்லாம் நடந்தாலும், விடுதி வார்டனுக்கோ அப்பாவுக்கோ தெரிந்துவிடுமோ என்ற ஓர் அச்சம் எல்லாவற்றையும் முடக்கக்கூடும். 18 வயது நிறைந்தவரின் உடல்நலச் செய்தி அவருக்கே உரியது. மனநலச் சிகிச்சையில் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. கல்லூரிச் செவிலியரிடம் கேட்டது எவருக்கும் சொல்லப்படாது, உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் யாருக்கு, எதுவரை சொல்லப்படும் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் வகுத்து, 104, 14416 என்ற எண்களோடு விடுதி அறிவிப்புப் பலகையிலும் சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்திலும் அச்சிட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.