வேருக்கு ஒரு வேலி

காளான் என்றாலே நமக்குப் பகை. நாற்றங்காலில் கன்று அடியழுகிச் சாய்ந்தால் பழி அதன் மேல்தான். அந்தப் பழி பொய்யுமல்ல. 1944 முதல் சென்னைப் பல்கலைக் கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை நடத்திய டி. எஸ். சதாசிவனின் குழு, பருத்தியை வாட்டும் காளான் மண்ணில் எப்படிப் பிழைக்கிறது என்று ஆராய்ந்தது.

ஆனால் காளானிலும் நல்லவை உண்டு. மர வேரும் காளானும் கூடி வாழும் உறவுக்கு 1885-இல் ஜெர்மானியர் பிராங்க் பெயர் சூட்டினார். மரம் சர்க்கரை தருகிறது. காளான் மணிச்சத்துத் தருகிறது. காவலும் தருகிறது என்பதை 1969-இல் அமெரிக்கர் மார்க்ஸ் பைன் வேர்களில் காட்டினார். நம் வேம்பு, புங்க வேர்களுக்குள்ளும் இத்தகைய நண்பர்கள் குடியிருக்கிறார்கள்.

2016-இல் வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தது. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ கன்று நடுகிறவர், இடிபாட்டு மண்ணைக் குழியில் கொட்டிக் கம்பி வேலி போட்டால் போதுமா? அந்த வேலி மாட்டைத் தடுக்கும். வேரைக் காக்கும் வேலி மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது!