மலையேறாத கள்

ஒரு சின்ன மதுக்கடை திறக்க என்னென்ன வேண்டும்? இடம், முதல், உரிமம், வாடிக்கையாளர் என்று இன்றைக்கு யாரும் விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். மலாயாவின் தோட்டப்புறத்தில் இந்தக் கேள்விக்கு முதல் விடை வேறு. அங்கே முதலில் வேண்டியது தென்னைமரம்.

கேமரன் மலையில் தென்னை காய்க்காது. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராத்திரியில் போர்வை இல்லாமல் படுக்க முடியாத ஊர். வில்லியம் கேமரன் 1885-இல் இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தார். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறும் சுமார் 60 கிலோமீட்டர் சாலை 1930-களின் தொடக்கத்தில்தான் முழுமையானது. காட்டை வெட்டித் திருத்தியவர்களிலும், பிறகு கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பங்கு தமிழர்கள். அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த தெய்வங்கள் மலையேறிவிட்டன. கள்ளுக்கு அந்த வசதி இல்லை.

கள் பிடிவாதமான பண்டம். பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவிக் கலயம் தொங்கவிட்டால் சொட்டத் தொடங்கும். சுண்ணாம்பு தடவிய கலயம் என்றால் இனிப்பு அப்படியே நிற்கும். தடவாவிட்டால் சொட்டும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும். காலையில் இறக்கியது மத்தியானத்துக்குள் ஏறும், மறுநாள் காடியாகிவிடும். எங்கள் பாட்டி கொழுந்து பறித்தவர். "கீழேயிருந்து வர்ற கள்ளு மேல வர்றதுக்குள்ள காடியாயிடும்டா" என்பார். அது கொஞ்சம் மிகைதான், இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றும் காடியாகிவிடாது. ஆனால் வளைவுக்கு வளைவு குலுங்கும் லாரியில் நுரைத்துப் பொங்கிக்கொண்டு வரும் கள்ளை நினைத்தால், அவர் சொன்னதன் ருசி புரிகிறது.

கீழே, கித்தாத் தோட்டங்களில் கதையே வேறு. கடற்கரையோரத் தென்னந்தோப்புகள் பக்கத்திலேயே இருந்தன. கடை வைக்க அரசாங்க உரிமம் வேண்டும். தோட்டக் கடையென்றால் பெரும்பாலும் அது நிர்வாகத்தின் கையில் இருந்தது. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவரும், சம்பளம் தருகிறவரும், சாயங்காலம் அந்தச் சம்பளத்தைக் கல்லாவில் வாங்கிக்கொள்கிறவரும் ஒரே ஆள். லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று கணக்குக் காட்டப்பட்டது. குடித்தவன் காசில் குடித்தவனுக்கே நலம்! உலகத்தில் எத்தனையோ வகை மதுக்கடைகள் உண்டு. முதலாளியே கடைக்காரராகவும் இருக்கும் இந்த வகையை 'அக்கம்பக்கத்துக் கடை' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதே சமயம், அது வெறும் பொறி என்று சொல்லிவிடவும் முடியவில்லை. லயத்தில் ஒரு அறைக்குள் எத்தனை பேர் முடங்க முடியும்? வேலை முடிந்தபின் ஆண்கள் கூடி உட்காரவும், ஊர்க்கதை பேசவும், தண்டலைத் திட்டவும் வேறு கூரை இல்லை. வீட்டில் உலை வைத்துக் காத்திருந்தவளுக்கு அந்தக் கூரையடியில் இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதனால்தான் கள்ளுக்கடை எதிர்ப்பை ஒழுக்கப் பிரசாரமாக மட்டும் வாசிப்பது தப்பு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள்: சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குப் பள்ளி, பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு முடிவு, துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை, கள்ளுக்கடைகளை மூடுவது. சைக்கிளும் கள்ளும் ஒரே தாளில்! அந்தத் தாளை எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே விஷயம்தான். மே மாதம் நாதன் கைதானார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் வளர்ந்த இந்தப் படையில் இந்திய தேசிய ராணுவத்தின் மிடுக்கு இருந்தது: அணிவகுப்பு, கட்டுப்பாடு. குடித்தவர்களுக்குத் தண்டனையும் உண்டு. அந்தத் தண்டனைகளைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, அடிபட்டவனும் கூலிக்காரன்தானே. 1947 பிப்ரவரி 28 அன்று பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டவர்களைப் போலீஸ் தாக்கியது. ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

தமிழ்நாட்டிலும் இதே வாதம் நடந்தது. பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஆனால் அங்கே மரம் சொந்தக்காரருடையது, சட்டம் நம்மவர் போட்டது. தோட்டத்தில் இரண்டுமே வேறொருவருடையவை.

மலைக்குத் திரும்புவோம். கள் ஏறத் தயங்கிய இடத்துக்கு, புட்டியில் அடைத்த சம்சு சுலபமாக ஏறியது. அதற்குத் தென்னை வேண்டாம், பாளை சீவுகிற ஆள் வேண்டாம், அன்றன்றே விற்றுத் தீர்க்கும் அவசரமும் வேண்டாம். சாமான் கடையின் மூலையில் மாதக்கணக்கில் நிற்கும். கள்ளில் ஐந்து விழுக்காட்டை ஒட்டியிருந்த போதை, இதில் பல மடங்கு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதற்கு எதிராகப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தது. கள் ஒரு நாளில் கெடுவதாலேயே அதற்கு ஒரு அளவு இருந்தது என்பது என் எண்ணம்: மரம் கொடுத்த அளவுதான் குடிக்கலாம். சம்சுவுக்கு அப்படிக் கையைப் பிடிக்க யாரும் இல்லை. கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடியவர்கள் இந்தப் புட்டியைக் கேட்கவில்லை.

இன்று மதுக்கடை திறக்க விரும்புகிறவர் மாவட்ட மது உரிம வாரியத்தின் முன்னால் நிற்க வேண்டும். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது. தானா ராத்தாவில் சுற்றுலாக்காரர்கள் குளிருக்கு இதமாக பியர் குடிக்கிறார்கள். தேயிலைச் சரிவில் இப்போது கொழுந்து பறிப்பவர்களில் நிறையப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். சாயங்காலம் வேலை முடிந்து அவர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் கூடி நிற்கிறார்கள்.