விறகுத் தொட்டியிலிருந்து அனல்மின் நிலையம் வரை: வடசென்னையின் தாவர எரிபொருள் வரலாறும் ‘கழிவு’ என்னும் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் எச்சங்களை நிலக்கரியோடு சேர்த்து எரிக்க வேண்டும் என்னும் ஒன்றிய அரசின் கொள்கை, எண்ணூர் வட்டார அனல்மின் நிலையங்களுக்கும் பொருந்தும். இது புதிய முயற்சியாகப் பேசப்பட்டாலும், இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இப்பகுதிக்குத் தாவர எரிபொருளோடு நெடிய உறவு உண்டு. தொடர்வண்டி விறகு, கால்வாய்வழி வந்த சவுக்கு, போர்க்காலக் கரிவாயு ஆகியவற்றின் வழியாக அவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘தரிசு’ என்றும் ‘கழிவு’ என்றும் அரசு பெயரிட்டவை பெரும்பாலும் முன்பே பிறர் பயன்பாட்டில் இருந்தவை என்பதே இதன் வாதம்.

திறவுச் சொற்கள்: விறகு, சவுக்கு, பக்கிங்காம் கால்வாய், கரிவாயு, இணை எரிப்பு, எண்ணூர்.

1. இருப்புப்பாதையும் விறகும்

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் பயணியர் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஹியூ கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். இரண்டு நிகழ்வுகளும் தனித்தனியே எழுதப்பட்டு வந்தாலும் அவற்றைச் சேர்த்துப் படிப்பதே பொருத்தம். சென்னைக்கு அருகில் நிலக்கரிச் சுரங்கம் எதுவும் அன்று இல்லை. இங்கிலாந்திலிருந்தோ வங்காளத்திலிருந்தோ கப்பலில் வந்த கரி விலை மிகுந்தது. ஆகவே சென்னை இரயில்வேயின் எஞ்சின்கள் பெருமளவில் விறகையே எரித்தன. தண்டவாளத்துக்கு அடிக்கட்டையும் எஞ்சினுக்கு விறகும் காட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1861இல் வெளிவந்த கிளெக்கார்னின் நூலில் இந்த இருவகைத் தேவையும் காடுகளின் மீது சுமத்தும் பாரம் முக்கியமான கவலையாக இடம்பெறுகிறது.

இத்தேவையின் பின்னணியில்தான் சவுக்கு கடற்கரை மணலுக்கு வந்தது. தென்கிழக்காசியாவும் ஆஸ்திரேலியாவும் இதன் தாயகம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுவதால் வளமற்ற மணலிலும் விரைந்து வளரும். சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வரும். ஈரம் முழுதும் உலராத நிலையிலும் நன்கு எரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைக்கு வடக்கும் தெற்கும் உள்ள கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகின.

தோப்புகளுக்கு உரிய நிலமாகக் கருதப்பட்டது, வருவாய்த்துறை ஏடுகள் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதிவைத்த மணல்மேடு. வரி தராத நிலம் என்பதே அந்தச் சொற்களின் பொருள். எவரும் பயன்படுத்தாத நிலம் என்பதன்று. வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் ஆடுமாடு மேய்க்கவும் அந்த மணல் வேண்டியிருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இதே பார்வையைக் காட்டுக்கு விரித்தது. ஒதுக்கப்பட்ட காட்டில் இசைவின்றிச் சுள்ளி பொறுக்குவதும் குற்றமாயிற்று. ஊராருக்கு அடுப்பெரித்த செத்தையும் சருகும் அரசின் உடைமையாகி, அதன்பின் இசைவுச் சீட்டின் பேரில் ஊராருக்கே திருப்பித் தரப்பட்டன. சுள்ளி பொறுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் என்பதால் இம்மாற்றத்தின் சுமை நிலவுரிமை ஆவணங்களில் தென்படுவதில்லை.

1880களின் இறுதியிலிருந்து சிங்கரேணி நிலக்கரி கிடைக்கத் தொடங்கியபின் தொடர்வண்டியின் விறகுத் தேவை படிப்படியாகக் குறைந்தது. சவுக்குத் தோப்புகள் குறையவில்லை. எஞ்சினின் இடத்தை நகரத்தின் சமையலடுப்பு எடுத்துக்கொண்டது.

2. கால்வாயும் தொட்டியும்

சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையிலான உப்புநீர்க் கால்வாயை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் தம் முதலீட்டில் அமைத்தார். 1837இல் அரசு அதனை ஏற்றது. பின்னர் வடக்கே நீட்டித்தது. 1877–78 பஞ்ச நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. கொருக்குப்பேட்டைப் பக்கம் உள்ள காக்ரேன் பேசின் சாலையில் முதல் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உப்பும் நெல்லும் இக்கால்வாயில் வந்தன. எனினும் நகரவாசிகளின் நினைவில் நிலைத்தது விறகுப் படகே. பழவேற்காட்டுக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாக் காட்டிலிருந்தும் கரையோரத் தோப்புகளிலிருந்தும் வந்த கட்டைகள் கால்வாய்க் கரையில் இறக்கப்பட்டு, ‘விறகுத் தொட்டி’ எனச் சென்னை மக்கள் அழைத்த கிடங்குகளில் அடுக்கப்பட்டன. தொட்டியில் கட்டை நிறுத்து விற்கப்பட்டது. பட்டை, சிராய், தூள் ஆகியவையும் வீணாகவில்லை. மரத்தூள் இறுக்கி அடைத்த தகர அடுப்புகள் தேநீர்க் கடைகளிலும் ஏழையர் வீடுகளிலும் எரிந்தன. உமி, வரட்டி, கொட்டாங்குச்சி ஆகியவற்றுக்கும் தனித்தனியே வாங்குவோர் இருந்தனர். எச்சம் என்னும் வகை இந்தச் சந்தையில் இருந்தது; கழிவு என்னும் வகை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஏனாதி மக்கள். விறகும் சிறுவன விளைபொருளும் திரட்டித் தருவது அவர்களுடைய பிழைப்பு. 1969இல் அத்தீவு ஏவுதளத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்டபின் அந்த வழி அடைபட்டது. 1960களின் புயல்களும் 1976 புயலும் கால்வாயைச் சிதைத்தன. சென்னைக்கு விறகு வந்த நீர்வழி இவ்வாறு நலிந்தது.

3. போர்க்காலக் கரிவாயு

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீடு செய்யப்பட்டதால், மாகாணமெங்கும் பேருந்துகளின் பின்புறம் உருளை வடிவக் கலன்கள் பொருத்தப்பட்டன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் இத்தகைய கலனை வடிவமைத்து உருவாக்கியது. கலனுக்குள் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஓரளவு ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதனை வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவர். வாயுவில் ஏறத்தாழப் பாதி எரியாத நைட்ரஜன் என்பதால் வண்டியின் வலிமை குறையும். மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ள நேர்வதும் உண்டு.

இன்றைய நோக்கில் இது ‘புதுப்பிக்கத்தக்க எரிபொருள்’ என்னும் பெயருக்கு முழுத் தகுதி உடையது. ஆயினும் கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. பழைய முறைக் கரிமூட்டத்தில் ஒரு பங்கு கரிக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு விறகு செலவாகும். பேருந்து மிச்சப்படுத்திய பெட்ரோலுக்கு ஈடான விலையைக் காடு கொடுத்தது. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கலன்கள் பழைய இரும்புக்குப் போயின.

4. நிலக்கரியின் காலம்

1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது. 450 மெகாவாட் திறன் கொண்ட அது 2017 மார்ச்சில் மூடப்பட்டது. மண்ணெண்ணெயும் பின்னர் சமையல் எரிவாயுவும் வீட்டு விறகை ஒதுக்கின. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும் அதன்பின் வல்லூர் நிலையமும் வந்தன. இராயபுரத்து மக்கள் மூச்சில் ஏறிய கரித்தூளின் காரணமாகச் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவதை உயர்நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. தூளும் அதனோடு சென்றது.

5. இணை எரிப்பும் எண்ணூரும்

2021 அக்டோபரில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் திருத்திய கொள்கை, அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காடு தாவர எரிபொருளைச் சேர்க்க வேண்டும் என்றது. 2023இல் கால அட்டவணை மாற்றப்பட்டு, 2024–25 முதல் 5 விழுக்காடும் 2025–26 முதல் 7 விழுக்காடும் இலக்காயின. வைக்கோல், மிளார், ஓடு முதலியவற்றைப் பொடித்து அழுத்திய ‘பெல்லட்’ என்னும் சிற்றுருளைகளே எரிபொருள். உதிரி வைக்கோல் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ கூடத் தேறாது; உருளையாக்கினால் 600 கிலோவைத் தாண்டும்.

இக்கொள்கைக்கு உந்துதலாக அமைந்தது பஞ்சாப், அரியானா வயல்களில் தாள் எரிப்பதால் தில்லியைச் சூழும் புகை. அங்கே தாள் உண்மையிலேயே உழவர் விட்டொழிக்க விரும்பும் பொருள். தமிழ்நாட்டில் நிலை வேறு. காவிரிப் படுகையில் அறுவடை இயந்திரம் உதிர்த்த வைக்கோல் கட்டுகளாகச் சுருட்டப்பட்டு உள்ளூர் மாடுகளுக்கும் கேரளத்துக்கும் விலைக்குப் போகிறது. கரும்புச் சக்கையைச் சர்க்கரை ஆலைகளே எரித்து மின்சாரம் எடுக்கின்றன. எண்ணூருக்கு மிக அருகில், செங்குன்றத்து அரிசி ஆலைகளில் சேரும் உமி, நெல் புழுக்கும் கொதிகலன்களுக்கே எரிபொருள். சீமைக்கருவேல் ஒன்றே எவரும் உரிமை கோராதது போலத் தோன்றும். அதற்கும் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் கரிமூட்டம் போடுவோரும் தாவர எரிபொருள் மின்னாலைகளும் வாடிக்கை.

அளவையும் நோக்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக 0.7 கிலோ நிலக்கரி எனக் கொண்டால், முதல் இரு கட்டங்களில் 1,830 மெகாவாட் திறனுடைய வடசென்னை நிலையம் முழுத் திறனில் ஒரு நாள் இயங்க ஏறத்தாழ 30,000 டன் வேண்டும். அதில் 5 விழுக்காடு 1,500 டன்; பத்து டன் ஏற்றும் லாரிகளில் 150 நடை. கால்வாய் தூர்ந்துபோன நிலையில் அந்த நடைகள் அனைத்தும் சாலைவழியே ஆகவேண்டும். சரக்கு ஊர்தி நெரிசலுக்குப் பெயர்போன எண்ணூர், மணலிச் சாலைகளைக் கணக்கில் சேர்க்காமல் உருளையின் வெப்ப மதிப்பை மட்டும் பேசுவது பாதி ஆய்வே.

சாம்பலைப் பொறுத்த ஆதாயமும் சிறிது. இந்திய நிலக்கரியில் 30 முதல் 40 விழுக்காடு சாம்பல். மர எச்சத்தில் மிகக் குறைவு. உமியில் ஏறத்தாழ 20, அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. வைக்கோலிலுள்ள பொட்டாசியம் உருகிக் கொதிகலன் குழாய்களில் படியும். 5 விழுக்காட்டு இணை எரிப்பு சாம்பலை அதிக அளவாக 5 விழுக்காடே குறைக்கும். எஞ்சிய 95 விழுக்காடும் முன்போலவே குழாய்வழி, கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்குச் செல்லும். அக்குழாய்கள் கசிந்து ஆற்றில் கலந்த சாம்பலின் மீதுதான் காட்டுக்குப்பத்து மீனவர்கள் இறால் தேடுகின்றனர்.